தரிசுன்னு சொன்ன புல்லுக்கு வயசு 20,000

போன மாசம் ஒரு ராத்திரி, சங்கரன்கோவில்ல எங்க வீட்டு மச்சில ஒரு ஒத்திகை. அக்கா மகள் பழங்காலத் தட்பவெப்பத்துல முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறா. முதல் கருத்தரங்கு, 12 நிமிஷம் பேசணும். கேட்க நானும் எங்கம்மாவும்தான். வேற யாரு சிக்குவா? :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நீலகிரி உச்சியில பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. மாடு மேய்க்கிறவங்க காட்டை எரிச்சதால வந்த புல்தான் இதுன்னு ஒரு கட்சி. இல்லை, இயற்கையே அப்படித்தான்னு இன்னொரு கட்சி. இதற்குள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே 'தரிசு' என்று சீகையும் கற்பூர மரமும் நட்டு நிறையப் புல்வெளியை மூடிவிட்டார்கள்.

சாட்சி சொன்னது சதுப்புல மக்காமல் படிந்த கறுப்பு மண். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தணிகைமணி, பிளாஸ்கோவோடு சேர்ந்து அதிலிருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து 1974-ல் எழுதினார். (சென்னைக்காரர். 1986 செப்டம்பர் 5, கராச்சியில் பான் ஆம் விமானக் கடத்தலில் இறந்துபோனார்.) 1993-ல் யானை ஆராய்ச்சிக்குப் பேர்போன ஆர்.சுகுமார், அகமதாபாத் ஆய்வகத்து ஆர்.ரமேஷ் முதலானோர் அதே மாதிரி மண்ணில் கார்பனை அளந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

சூட்சுமம் இதுதான். காற்றிலுள்ள கார்பனில் கொஞ்சம் கனமான ரகம், கார்பன்-13, கலந்திருக்கும். நெல்லும் சோலை மரங்களும் அதை அதிகம் ஒதுக்கும். கம்பு, சோளம், வறட்சி தாங்கும் புல் எல்லாம் அவ்வளவாக ஒதுக்காது. செடி செத்து மண்ணானாலும் அந்தக் கணக்கு அழியாது. எந்த அடுக்குக்கு என்ன வயசுன்னு கார்பன்-14 சொல்லிவிடும்.

தெரிய வந்தது என்ன? பனியுகம் உச்சத்துல இருந்த 20,000 வருஷத்துக்கு முன்னாடி மழை குறைந்து, மலையில் புல் ஓங்கியிருந்தது. 10,000 வருஷத்துக்கு முன்னாடி பருவமழை வலுத்தது, மர வகை கூடியது. ஆக, மாட்டுக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்திருக்கு!

பேசி முடிச்சிட்டு, "புரிஞ்சுதா ஆச்சி?"ன்னு பயந்துகிட்டே கேட்டா.

"இதுல என்னட்டி இருக்கு? மழை கொறஞ்சா நெல்லை விட்டுட்டு சோளம் போடுவோம்லா. மலையும் அதத்தான செஞ்சிருக்கு?"

அவ ஒண்ணும் பேசலை. நோட்டை எடுத்து முதல் பக்கத்தை அடிச்சிட்டு, ஆச்சி சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டா. கருத்தரங்குல அதைச் சொல்லித்தான் ஆரம்பிச்சாளாம்.