கல்லச்சும் கிதாபு வணிகமும்

அரபு மத்ரஸாக்களில் இன்று ஓதப்பெறும் கிதாபுகளுட் பலவற்றை விரித்தால், நடுவே மூலமும், வரிகளுக்கிடையே பொடியெழுத்தில் குறிப்பும், நாற்புறமும் சாய்ந்தும் வளைந்தும் ஓடும் ஹாஷியாவும் காணலாம். அது ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்டதன்று. ஒரு காத்திபின் கையெழுத்து. முன்னாளில் வட இந்தியாவில் கல்லச்சில் வெளிவந்த பிரதிகளையே நிழற்படமெடுத்து மீண்டும் மீண்டும் பதிப்பித்து வருகின்றனர். ஹாஷியாவைப் படிப்பதற்காகக் கிதாபைச் சுற்றிச் சுற்றித் திருப்பிய நாட்கள் நமக்கும் உண்டு. அக்காலத்தில் அது வீண் தொல்லையாகவே தோன்றியது. அதனுள் ஒரு வணிக வரலாறு அடங்கியிருப்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

முஸ்லிம்கள் அச்சுக் கலையை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தனர் என்றும், ஆலிம்களின் எதிர்ப்பே அதற்குக் காரணம் என்றும் எழுதுவோர் உளர். இக்கூற்றை முற்றிலும் மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்குவோன் ஒருவன் இருக்கிறான் என்பதை இவர்கள் மறந்து விடுகின்றனர். 1537-38இல் வெனிஸ் நகரத்துப் பகனினி என்னும் அச்சகத்தார் திருக்குர்ஆனை அரபு அச்செழுத்தில் பதிப்பித்தனர். கீழை நாட்டுச் சந்தையை எண்ணியே இதைச் செய்தனர் என்பர். எழுத்துகளிலும் உயிர்க்குறிகளிலும் பிழை மலிந்த அந்த முஸ்ஹஃபை எந்த முஸ்லிம் காசு கொடுத்து வாங்குவான்? முயற்சி பாழாயிற்று. அப்பதிப்பின் ஒரே பிரதி 1987இல்தான் வெனிஸ் நகரத்துக் கிறித்தவ மடமொன்றில் கண்டெடுக்கப்பட்டது.

இஸ்தான்பூலில் இப்ராஹீம் முத்தஃபர்ரிக்கா 1727இல் அச்சகம் நிறுவ அனுமதி பெற்றார். ஷைகுல் இஸ்லாமே அதற்கு ஃபத்வா வழங்கினார் என்பதைக் குறை கூறுவோர் சொல்வதில்லை. எனினும் தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு நூல்களை அச்சிட இசைவு இல்லை. மக்கள் மிகுதியாக நாடும் நூல்கள் எவையோ அவையே விலக்கப்பட்டன. 1742 வரை 17 நூல்களை அவர் வெளியிட்டார். அவர் மறைந்தபோது விற்காத பிரதிகள் தேங்கிக் கிடந்தன.

இந்நிலையை மாற்றியது ஒரு கல். ஜெர்மனியில் அலோய்ஸ் ஸெனஃபெல்டர் என்பவர் தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியபோது, 1796 வாக்கில் இம்முறையைக் கண்டார். கொழுப்புச் சேர்ந்த மையால் சுண்ணாம்புக் கல்லின் மேல் எழுத்தைப் பதித்துக் கல்லை நீரால் நனைப்பர். பின்னர் மை உருளையை ஓட்டினால், நனைந்த இடம் மையை ஏற்காது. எழுத்து மட்டுமே ஏற்கும். தாளை வைத்து அழுத்தினால் காத்திபின் கைவண்ணம் அப்படியே இறங்கும். ஈய எழுத்துகளைக் கோத்தால் நஸ்தஃலீக் எழுத்தின் சரிவும் இழைவும் சிதைந்துவிடும். கல்லில் அவை சிதையவில்லை. எழுத்து வார்க்கும் பெருஞ்செலவும் இல்லை. கையெழுத்துப் பிரதியில் பழகிய கண், விலை குறைந்த அச்சுப் பிரதியையும் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது.

1820களில் இந்தியாவுக்கு வந்த இக்கலையைப் பெருவணிகமாக்கியவர், 1858இல் லக்னோவில் அச்சகம் தொடங்கிய முன்ஷி நவல் கிஷோர். அவர் ஓர் இந்து. திருக்குர்ஆனும் ஹதீஸும் ஃபிக்ஹும், ஹிந்து சமய நூல்களும் அவரிடமிருந்து வெளிவந்தன. முன்பு கிதாபு வேண்டுவோன் காத்திபைத் தேடிச் சென்று, எழுதக் கூலி பேசி, மாதக் கணக்கில் காத்திருப்பான். இப்போதோ அச்சகத்தார் முகமறியாத வாசகனை எண்ணி முன்கூட்டியே அச்சிட்டு வைக்க வேண்டியதாயிற்று. அவனை எவ்வாறு எட்டுவது? 1854 முதல் தூரத்தைக் கருதாத ஒரே தபால் கட்டணம் வந்திருந்தது. 1867இல் லக்னோவைக் கான்பூருடன் ரயில் இணைத்தது. 1877இல் வி.பி. தபால் தொடங்கவே, கிதாபு கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வழியும் பிறந்தது. நூற்பட்டியலே கடையாயிற்று.

அப்பட்டியலுக்கு உருதுவில் ஃபிஹ்ரிஸ்த் என்றே பெயர். ஹிஜ்ரீ 377 (கி.பி. 987)இல் பக்தாதின் புத்தக வணிகர் இப்னுந் நதீம் தொகுத்த நூலின் பெயரும் அதுவே. கவிஞர்களின் பாடல்கள் எத்தனை ஏடு என்று கூறும் அவர், பக்கத்துக்கு 20 வரி கொண்ட ஏட்டையே தாம் கருதுவதாகக் குறித்துள்ளார். பெரிய பிரதி எது, குறைப்பிரதி எது என்று அறிய விரும்புவோருக்கு இது எத்துணை உதவி! வணிகர் மனம் அன்றும் அதுவே.

ஆயினும் ஓர் ஐயம் உண்டு. காத்திபின் பிழை முன்பு ஒரு பிரதியோடு நின்றது. கல்லிலோ அது நூற்றுக்கணக்கிற் பெருகும். உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதி ஒப்பிட்டுத் திருத்திய வழக்கம், தபாலில் வரும் கிதாபுக்கு ஏது? அச்சகத்தார் இதை உணர்ந்தனர். ஆலிம்களைச் சம்பளத்திற்கு அமர்த்திப் பிழை திருத்துவித்து, அச்செய்தியை நூலிலேயே பொறித்தனர். திருத்தம் விற்பனைக்குரிய சிறப்பாயிற்று. நாம் இதை இழிவென்று கருதவில்லை. ஆனால் இஜாஸத் வழங்கிய உஸ்தாதின் இடத்தை அச்சக முத்திரை பெற்றுவிட்டது என்பதை மறைக்கவும் முடியாது.

அரபுத்தமிழுக்குக் கல்லச்சு செய்த உதவி இன்னும் பெரிது. தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தின் மேலும் கீழும் கூடுதற் புள்ளிகள் வேண்டும். ஈயத்தில் அவற்றைத் தனியே வார்க்க வேண்டும். காத்திபுக்கோ ஒரு புள்ளி கூடுதல், அவ்வளவே. கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் (1816-1898) அவர்களின் காலத்தில் இவ்வகை நூல்கள் பம்பாய், சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் முதலிய துறைமுக நகரங்களில் அச்சேறின. கப்பலேறிய வணிகரின் பெட்டிகளில் வந்து, தமிழெழுத்து அறியாமல் அரபெழுத்து மட்டுமே ஓதக் கற்ற பெண்மக்களின் கைகளை அடைந்தன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீட்டு அலமாரிகளில் அப்பிரதிகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைத் தடையின்றி வாசிக்க வல்ல மூதாட்டியர்தாம் அருகி வருகின்றனர்.