லெட்டர்பாக்சிங்

லெட்டர்பாக்சிங் என்பது வெளியிடங்களில் மறைத்துவைக்கப்பட்ட சிறு பெட்டிகளைக் குறிப்புகளின் துணையுடன் தேடும் பொழுதுபோக்கு ஆகும். 1854 இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்னுமிடத்தில் பயணிகள் தம் பெயரட்டைகளை இட்டுச்செல்ல ஒரு புட்டி வைத்ததே இதன் தொடக்கம்.

பெட்டிக்குள் ஒரு பதிவேடும் முத்திரையும் இருக்கும். இது அஞ்சல்தலை அன்று, மையில் ஒற்றும் ரப்பர் முத்திரை. கண்டவர் அதனைத் தம் குறிப்பேட்டிலும், தம் சொந்த முத்திரையைப் பதிவேட்டிலும் பதிப்பார்.

ஒரே கருப்பொருளில் அமைந்த பல பெட்டிகள் தொடர் எனப்படும். அடுத்த பெட்டிக்கான குறிப்பை முந்தைய பெட்டிக்குள் வைத்தால் சுவை கூடும். ஆயினும் ஒன்று தொலைந்தால் எஞ்சியவை எட்டாமற் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிக்குறிப்பு தருவதே நன்று.

பதிவுகளைக் கண்ட நாள் வரிசையில் வைப்பது எளிது. தொடர்வாரியாக அடுக்க விரும்புவோர் தனித்தாள்களில் பதித்துக் கோப்பிலிடலாம். காணாத பெட்டிக்கு வெற்றுத்தாள் விடலாம்.