தொமேனிக்கோ ஃபெத்தி: நாம் மறந்த உவமை ஓவியர்

சின்சென்டார்ஃப் பிரபு 1719ஆம் ஆண்டு டூசல்டார்ஃப் நகர ஓவியக்கூடத்தில் முள்முடி சூடிய கிறிஸ்துவின் படத்தின் முன் நின்ற நிகழ்ச்சியை நம் பிரசங்க பீடங்கள் நன்கு அறியும். உனக்காக இப்பாடுகளை ஏற்றேன், எனக்காக நீ செய்தது யாது என்னும் பொருள்பட அதில் எழுதப்பெற்றிருந்த இலத்தீன் வாசகம் அப்பத்தொன்பது வயது இளைஞரின் உள்ளத்தைத் தைத்தது. ஆனால் அதனைத் தீட்டியவர் யாரென வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ஸ்டென்பர்க் என்ற ஓர் ஓவியரைப் பற்றிய கதையைச் சில துண்டுப் பிரசுரங்கள் இதனோடு பிணைத்துவிட்டன. உண்மையில் அதனை வரைந்தவர் இத்தாலியரான தொமேனிக்கோ ஃபெத்தி.

அப்படமே சின்சென்டார்ஃபை மனந்திருப்பியது என்பதும் மிகைக் கூற்றே. அவர் 1710 முதல் ஹாலேயில் பிராங்கேயின் பள்ளியில் பயின்றவர். தரங்கம்பாடி மிஷனின் செய்திகளை அங்கேயே கேட்டு வளர்ந்தவர். முன்னரே எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டது அப்படம் எனலாம். மொராவியச் சகோதரர் தரங்கம்பாடிக்கு வந்த 1760ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

ஃபெத்தி ஏறத்தாழ 1589இல் உரோமையில் பிறந்தார். சிகோலியிடம் தொழில் கற்றார். 1614இல் மாந்துவா நகரில் பெர்டினாந்தோ கொன்சாகாவின் அரசவை ஓவியரானார். 1622இல் வெனிஸ் சென்று மறு ஆண்டே மறைந்தார். பரோக் கலை திரெந்து சங்கத்தின் கருவி, மிகையுணர்ச்சியின் பிள்ளை என்னும் ஐயம் நம்மிடையே நெடுநாள் நிலவியது. அவ்வையம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. மேகங்களும் தேவதூதர்களும் மண்டிய கூரை ஓவியங்கள் பலவற்றின்முன் நாமும் அயர்ந்துபோகிறோம். எனினும் ஃபெத்தியை அக்கூட்டத்தில் சேர்த்து ஒதுக்குவது நீதியாகாது.

மாந்துவா அரண்மனைக்கென அவர் வரைந்த சிறிய உவமைப் படங்களே இதற்குச் சான்று. அவற்றுட் பல இன்று டிரெஸ்டன் காட்சியகத்தில் உள்ளன. காணாமற்போன வெள்ளிக்காசின் உவமையைப் பாருங்கள். வெறுமையான அறை, கவிழ்ந்த முக்காலி, விளக்கேந்திக் குனிந்து தேடும் ஒரு பெண். அவ்விளக்கைத் தவிர அங்கே வேறு ஒளியில்லை. அயலாரோடு மகிழும் காட்சியை ஓவியர் தீட்டவில்லை. நாமோ லூக்கா 15ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது தேடுதலை ஒரு வாக்கியத்தில் கடந்து மகிழ்ச்சிக்கு விரைந்துவிடுகிறோம். தேடுகிற தேவனின் உழைப்பை இப்படம் நம் கண்முன் நிறுத்துகிறது. அதுவும் ஓர் ஏழைப் பெண்ணின் உருவில்! இவ்வுவமையை அப்பன், மேய்ப்பன் என்னும் உருவகங்களுக்கு இணையாக மதிக்கத் தயங்கும் விளக்கவுரையாளர்கள் இதன்முன் சற்று நிற்பது நலம்.

துரும்பும் உத்திரமும் பற்றிய உவமையில் அவர் உண்மையான மரத்தடியையே வரைந்துவிடுகிறார். இது சிரிப்பூட்டலாம், ஆண்டவரின் சொல்லிலும் அந்நகை உண்டு என்பதை நாம்தான் மறந்திருக்கிறோம்.

எல்லாப் படங்களும் ஒரே தரத்தன அல்ல. உவமைகள் விரும்பப்பட்டமையால் ஒரே காட்சி பலமுறை படியெடுக்கப்பட்டது. அவற்றுட் சில பட்டறைத் துணைவர்களின் கைவண்ணமே. மங்கிய படியொன்றைக் கண்டு ஃபெத்தியை எடைபோடுவோர், டிரெஸ்டனில் உள்ள அந்தச் சிறிய பலகையையும் கண்டபின் தீர்ப்பிடுவார்களாக.