பேழை, சங்கிலி, சுவர் : நூலடுக்கின் கதை



இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியின் வள மையத்தில் சுவரோடு இணைந்த மர நூலடுக்கு அமைப்பதென்று முடிவாயிற்று. அளவெடுக்க வந்த தச்சர் என்னிடம் முதலில் கேட்டது மரத்தைப் பற்றியன்று. "சார், கதவு போடணுமா? பூட்டு எத்தனை வேணும்?" என்றுதான் கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அதுவரை எங்கள் தமிழ் நூல்கள் யாவும் ஒரு கண்ணாடி அலமாரியில் பூட்டியே கிடந்தன. நூல் காணாமற்போனால் யார் பொறுப்பேற்பது என்ற அச்சம் ஒருபுறம். பூட்டிய நூலை எந்தப் பிள்ளை கேட்டு வாங்கிப் படிக்கப் போகிறது என்ற வருத்தம் மறுபுறம். ஆசிரியர் அறையில் இருதரப்பாகவும் பேசினோம்.

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பி, நூலடுக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தச்சர் கேட்ட கேள்வியை ஐரோப்பிய நூலகங்கள் பல நூற்றாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தன என்பதை அறிந்து வியந்தேன். படித்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அலமாரி என்னும் சொல்

நாம் அன்றாடம் வழங்கும் 'அலமாரி' தமிழ்ச் சொல்லன்று. போர்த்துகீசியரின் 'அர்மாரியோ' என்னும் சொல்லே நம்மிடம் அலமாரியாகவும் மலாய் மொழியில் 'அல்மாரி'யாகவும் வழங்குகிறது. அதன் மூலம் 'அர்மாரியம்' என்னும் இலத்தீன் சொல். கருவிகளையும் விலையுயர்ந்த பொருள்களையும் வைத்துப் பூட்டும் கதவுள்ள பெட்டகத்தை அது குறித்தது. கிறித்துவ மடங்களில் நூல்களும் அத்தகைய பெட்டகங்களிலேயே வைக்கப்பட்டன. நூல்களைக் காக்கும் துறவிக்கு 'அர்மாரியஸ்' என்றே பெயர். நூலகரின் பட்டம் நூலிலிருந்து பிறக்கவில்லை, பெட்டகத்திலிருந்து பிறந்தது.

அக்காலப் பெட்டகம் எப்படி இருந்தது என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் 716ஆம் ஆண்டுக்கு முன்னர் எழுதி முடிக்கப்பட்ட 'கோடெக்ஸ் அமியாட்டினஸ்' என்னும் விவிலியப் படியில் ஓர் ஓவியம் உள்ளது. எஸ்ரா என்னும் மறைநூலறிஞர் அமர்ந்து எழுதுகிறார். அவருக்குப் பின்னால் கதவு திறந்த ஒரு பெட்டகம். அதனுள் ஒன்பது நூல்கள் படுக்கை வாட்டில் கிடக்கின்றன. ஒரு பெரிய அலமாரிக்கு ஒன்பதே நூல்கள்! தோலைப் பதப்படுத்திக் கையால் எழுதிய காலத்தில் ஒரு நூல் பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்டது. அதைப் பூட்டி வைத்ததில் வியப்பில்லை. சில இடங்களில் ஒரே பேழைக்குப் பல பூட்டுகள் இட்டு, ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொருவரிடம் ஒப்படைத்தனர். அனைவரும் கூடினாலன்றிப் பேழை திறக்காது.

சங்கிலிக் காலம்

அடுத்து வந்தது சங்கிலி. நூலைச் சங்கிலியால் பிணைத்தார்கள் என்று கேட்டதும் நமக்குக் கொடுமையாகத் தோன்றும். சற்று எண்ணிப் பார்த்தால் உண்மை வேறு. பேழைக்குள் இருந்த நூலைச் சாவி உடையவர் மட்டுமே காண முடிந்தது. சங்கிலியில் பிணைத்த நூலையோ, நூலகத்துள் நுழைய உரிமை பெற்ற எவரும் யாரையும் கேளாமல் விரித்துப் படிக்கலாம். எடுத்துச் செல்லத்தான் இயலாது. ஆகவே, சங்கிலி நூலுக்கு ஒருவகையில் விடுதலையே அளித்தது.

இத்தாலியின் செசேனா நகரில் உள்ள மலாத்தெஸ்தா நூலகம் இதற்குச் சிறந்த சான்று. 1447 முதல் 1452 வரை கட்டப்பட்டு 1454இல் திறக்கப்பட்ட அந்நூலகம் இன்றும் அவ்வாறே நிற்கிறது. நடுவழியின் இருபுறமும் மொத்தம் 58 மர இருக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சாய்வான படிப்புப் பலகையும், அதற்குக் கீழே நூல்களைப் படுக்க வைக்கும் தட்டும் உண்டு. நூல்கள் இன்றும் சங்கிலியோடு உள்ளன.

இவ்விருக்கைகள் சுவரை ஒட்டி இல்லாமல் சுவருக்குக் குறுக்காக நிற்பதைக் கவனிக்க வேண்டும். மின்விளக்கு இல்லாத காலம் அது. எரியும் விளக்கை நூலருகே கொண்டுவர அஞ்சினர். எனவே சன்னல் வெளிச்சத்திலேயே படித்தாக வேண்டும். நூலோ சங்கிலியில் உள்ளது. அது வெளிச்சத்தைத் தேடிச் செல்ல முடியாது. ஆகவே, நூல் இருக்கும் இடமே வெளிச்சமுள்ள இடமாக அமைய வேண்டியிருந்தது. சுவரைச் சன்னல்கள் எடுத்துக்கொண்டன. மரப்பொருள்கள் சன்னல்களுக்கு இடையே குறுக்காக நின்றன. ஒரு சிறு இரும்புச் சங்கிலி ஒரு கட்டடத்தின் வடிவத்தையே தீர்மானித்தது.

நூல்கள் பெருகியபோது சாய்வுப் பலகைக்கு மேலே தட்டுகளை எழுப்பி, நூல்களை நிமிர்த்தி வைத்தனர். இங்கிலாந்தின் எரிபோர்டு பேராலயத்தில் 1611இல் செய்யப்பட்ட அத்தகைய அடுக்குகளைச் சங்கிலிகளோடு இன்றும் காணலாம். அங்கே நூல்களின் முதுகு உட்புறமும், தாள்களின் விளிம்பு வெளிப்புறமும் நோக்கி இருக்கின்றன. சங்கிலி முன்னட்டையின் வெளிவிளிம்பில் மாட்டப்பட்டதே காரணம். முதுகை வெளியே காட்டி வைத்திருந்தால், நூலை எடுத்துப் பலகையில் விரிக்கும்போது சங்கிலி முறுக்கிக்கொள்ளும். எந்த நூல் எங்குள்ளது என்பதை அறிய அடுக்கின் பக்கப்பலகையில் பட்டியல் ஒட்டினர். நூலின் முதுகில் பெயர் பொறிக்கும் வழக்கம் பின்னாளில்தான் பரவியது.

சுவரை நாடிய அடுக்கு

அச்சுக்கலை பரவி நூல்கள் மலிந்தபோது சங்கிலியின் தேவை குறையலாயிற்று. சங்கிலியிலிருந்து விடுபட்ட நூல் வாசகனிடம் செல்லும். வாசகன் மேசையிடம் செல்வான். மேசை சன்னலருகே இருக்கும். நூலுக்கு நிற்க ஓர் இடம் மட்டும் போதும். அவ்விடமே சுவர்.

இசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பு கட்டிய எசுகோரியல் மாளிகையில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், கட்டடக் கலைஞர் உவான் தே எர்ரேரா வரைந்த அடுக்குகள் 54 மீட்டர் நீளமுள்ள கூடத்தின் சுவர்களை ஒட்டி எழுந்தன. கருங்காலி, தேவதாரு, வாதுமை எனப் பல மரங்களால் இழைத்த வேலைப்பாடு அது. அங்கும் நூல்கள் முதுகை உட்புறம் காட்டியே நிற்கின்றன. 1609இல் மிலான் நகரின் அம்புரோசியா நூலகமும் சுவரடுக்குகளோடு திறக்கப்பட்டது.

ஆக்சுபோர்டின் போட்லி நூலகத்திலோ பழமையும் புதுமையும் கலந்திருந்தன. 1602இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் முதலில் குறுக்கடுக்குகளே இருந்தன. 1610 முதல் 1612 வரை எழுப்பிய புதிய பகுதியில் சுவரடுக்கு வந்தது. கீழே பெரிய நூல்கள் சங்கிலியோடு; மேல்மாடத்தில் சிறிய நூல்கள் சங்கிலியின்றி. மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அங்கிருந்த சங்கிலிகளை அகற்றும் வேலை 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நடந்தது.

கேம்பிரிட்ஜின் திரித்துவக் கல்லூரிக்குக் கிறிஸ்டபர் ரென் வடிவமைத்த நூலகம் (1676 - 1695) இச்சிக்கலை அழகாகத் தீர்த்தது. அவர் சன்னல்களை நூலடுக்கின் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்தார். அதனால் சன்னலுக்குக் கீழுள்ள சுவர் முழுதும் நூல்களுக்குக் கிடைத்தது, வெளிச்சமும் குறையவில்லை.

கடற்படை அலுவலரும் தச்சரும்

இதுவரை கண்டவை மன்னருக்கும் கல்லூரிக்கும் உரியவை. இல்லத்துக்கு நூலடுக்கு வந்த கதை இன்னும் சுவையானது. இலண்டனில் கடற்படை நிருவாகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பவரின் நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. 1666 சூலை 23ஆம் நாள் குறிப்பில், நூல்கள் பெருகி நாற்காலிகளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததையும், சிம்சன் என்னும் தச்சரோடு அமர்ந்து நூலடுக்குக்குத் திட்டமிட்டதையும் அவர் எழுதியுள்ளார். சிம்சன் கப்பல் கட்டுந்துறையில் தச்சுவேலை பார்த்தவர். ஓக் மரத்தில், கண்ணாடிக் கதவுகளோடு அவர் செய்து தந்த அடுக்குகளைப் பீப்ஸ் மேன்மேலும் பெருக்கினார். அவை இறுதியில் 12 ஆயின. முதல் அடுக்குகள் வந்த சில வாரங்களில், அதே ஆண்டு செப்டம்பரில், இலண்டன் பெருந்தீ மூண்டது. பீப்ஸின் வீடு தப்பியது.

பீப்ஸ் தம் நூல்களை உயர வரிசையில் அடுக்கினார். குட்டையான நூல்களின் அடியில் அட்டைக்கு ஏற்ற அலங்காரத்தோடு சிறு மரக்கட்டைகளைச் செய்து வைத்து, வரிசையின் மேல்மட்டம் சமமாகத் தெரியச் செய்தார். 3000 நூல்களோடு நிறுத்திக்கொண்டார். 1703இல் அவர் மறைந்தபின், உடன்பிறந்தாள் மகனிடம் இருந்த அந்நூல்கள் 1724இல் கேம்பிரிட்ஜின் மக்தலீன் கல்லூரியை அடைந்தன. ஒரு நூலைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது அவர் விதித்த நெறி. 12 அடுக்குகளும் இன்றும் அங்கேயே நிற்கின்றன. தச்சர் செய்த பெட்டி தவறாமல் காத்தது. ஆனால் புதிய நூல் ஒன்றுகூட அதனுள் நுழைய வழியில்லை.

பீப்ஸின் அடுக்குகள் தனித்து நிற்பவை. நூறாண்டுக்குப் பின் அடுக்கு சுவருக்குள்ளேயே புகுந்தது. 1760களின் இறுதியில் இராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞர், தலைமை நீதிபதி மான்சுபீல்டு பிரபுவுக்காகக் கென்வுட் மாளிகையில் நூலகக் கூடம் ஒன்றைக் கட்டினார். கூடத்தின் இரு முனைகளும் அரைவட்டமாக வளைந்தவை. அவ்வளைவுக்கேற்பச் சுவரினுள்ளேயே நூலடுக்குகள் அமைந்தன. மான்சுபீல்டுக்கு நகரில் மற்றொரு வீடும் நூலகமும் இருந்தன. 1780இல் நிகழ்ந்த கலவரத்தில் கும்பல் அவ்வீட்டைச் சூறையாடி நூல்களையும் தாள்களையும் தீக்கிரையாக்கியது. பூட்டும் கதவும் நூலைக் காத்துவிடும் என்று எண்ணும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது.

மரத்தின் கணக்கு

வரலாற்றோடு தச்சுவேலையின் கணக்கையும் சிறிது கூற வேண்டும். நூல் கனமானது. ஒரு மீட்டர் நீளத் தட்டில் நெருக்கி அடுக்கிய நூல்கள் சுமார் 30 கிலோ எடையிருக்கும். பெரிய நூல்களானால் இன்னும் கூடும். தட்டின் நீளத்தை இருமடங்காக்கி, அதே நெருக்கத்தில் நூல்களை அடுக்கினால், நடுவில் ஏற்படும் தொய்வு இருமடங்காகாது, 16 மடங்காகும். பலகையின் தடிமனை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். எங்கள் தச்சர் இக்கணக்கை ஏட்டில் படித்தவரல்லர். ஆயினும், "மூணு அடிக்கு மேல விட்டா பலகை வயிறு தள்ளும் சார்" என்றார். இரண்டும் ஒரே உண்மைதான்.

சுவரோடு இணைக்கும் அடுக்குக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தச்சரின் பலகை நேரானது; கொத்தனாரின் சுவர் அப்படியன்று. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தபோது எங்கள் சுவர் ஓரிடத்தில் முன்னே பிதுங்கியும் ஓரிடத்தில் உள்வாங்கியும் இருந்தது. சுவரின் வளைவைப் பலகையின் விளிம்பில் கோடாகக் குறித்து, அக்கோட்டின்படி இழைத்துப் பொருத்தினார். நிமிர்ந்த பலகைகளில் காடி வெட்டித் தட்டுகளை அதனுள் செருகினார். ஆணி மட்டும் அடித்த தட்டைவிட இது பாரத்தை நன்கு தாங்கும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் மரம் அகலவாட்டில் உப்பும், சுருங்கும். அதனால் சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே காற்றோட விரலளவு இடைவெளி விட்டார். தரையிலிருந்து சற்று உயர்த்திப் பீடம் அமைத்தார். கறையான் ஏறினால் கண்ணில் படவேண்டுமே!

கேள்விக்கு விடை

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எங்கள் பள்ளியின் பூட்டிய அலமாரி, சங்கிலிக் காலத்துக்கும் முந்தையது. 1454இல் செசேனாவில் இருந்த மாணவன் யாரையும் கேளாமல் நூலை விரித்தான். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி சாவிக்காக ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். அன்று ஒரு நூல் ஒரு செல்வம், பூட்டியதில் பொருளுண்டு. எங்கள் நூல்களோ சில வெள்ளிக்கு மீண்டும் வாங்கத் தக்கவை. காலம் போனபின்னும் பழக்கத்தை மட்டும் காத்துக்கொண்டிருந்தோம்.

தலைமையாசிரியரிடம் இதை எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டவர், "காணாமற்போனால்?" என்றார். "எழுதி வைப்போம், ஐயா" என்றேன். சற்று யோசித்து இசைந்தார். கதவும் பூட்டும் வைக்கவில்லை. கீழ்த்தட்டுகளை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைக்கச் சொன்னோம்.

முதலாண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது ஏழு நூல்கள் குறைந்திருந்தன. அஞ்சியது நடந்ததென்று சிலர் கூறினர். அவர்கள் கூற்றை மறுக்க இயலாது. அவற்றுள் இரண்டு பின்னர்த் திரும்பி வந்தன. ஒன்றின் அட்டையில் பால்கறை; உள்ளே இரண்டு பக்கங்களில் யாரோ வண்ணம் தீட்டியிருந்தார்கள். மற்ற ஐந்தும் எந்த வீட்டில் உள்ளனவோ, அறியேன். பழைய கண்ணாடி அலமாரியில் இருந்தவரை ஒரு நூலும் காணாமற்போனதில்லை, கறைபட்டதும் இல்லை. அவற்றில் பலவற்றின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றை ஒருமுறையேனும் யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

காணாமற்போன ஐந்து நூல்களையும் மீண்டும் வாங்கி அதே தட்டில் வைத்திருக்கிறோம்.