குறுஞ்செய்திவழிக் களத்தரவுத் திரட்டல்

களத்தில் இருப்பவர் தாம் எண்ணியதையோ அளந்ததையோ கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்ப, அதைக் கணினி பிரித்தெடுத்து இணையதளத்தில் அட்டவணையாகவோ வரைபடமாகவோ காட்டும் முறை. மருந்து இருப்பு, குழந்தைகளின் எடை, வாக்குச்சாவடி நிலவரம், பேரிடர்ச் சேதம் முதலியவற்றை அறிய 2005க்குப் பிந்தைய ஆண்டுகளில், குறிப்பாக ஆப்பிரிக்க நாடுகளில், இது பரவியது. அனுப்புபவரிடம் இணையம் இருக்க வேண்டியதில்லை. பொத்தான் கைப்பேசி போதும்.

செயற்படும் விதம்

குறுஞ்செய்தி, பேச்சுக்குரிய தடத்தில் போகாமல் வலையமைப்பின் சமிக்ஞைத் தடத்தில் போகிறது. அதனால் பேச முடியாத அளவுக்குச் சிக்னல் மெலிந்த இடத்திலிருந்தும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். பெறும் கைப்பேசி அணைந்திருந்தால் செய்தி மையத்தில் தங்கியிருந்து பிறகு வரும். ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் வழக்கமாக 70 இடங்களே. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஐந்து இடம் பிடித்துக்கொள்ளும். களப் படிவங்கள் குறியெழுத்தும் எண்ணுமாகச் சுருங்கியதற்கு இந்த நெருக்கடியே காரணம்.

வந்த செய்தியை இணையதளத்தில் சேர்க்க இரு வழிகள் உண்டு. தொலைபேசி நிறுவனத்திடம் குறு எண் ஒன்றை வாங்கினால், அந்நிறுவனத்தின் கணினியே ஒவ்வொரு செய்தியையும் தளத்துக்கு அனுப்பிவிடும். இதற்குப் பணமும் வேண்டும், அலைச்சலும் உண்டு. கையில் காசில்லாத அமைப்புகள் மடிக்கணினியில் ஒரு மோடத்தையோ கைப்பேசியையோ இணைத்து, சாதாரண சிம் அட்டையிலேயே செய்திகளை வாங்கிக்கொண்டன. இதற்கென கென் பேங்க்ஸ் 2005இல் உருவாக்கிய மென்பொருள் ஃபிரண்ட்லைன்எஸ்எம்எஸ். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் மக்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் பணியில் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. 2007 நைஜீரியத் தேர்தலைக் கண்காணித்த தன்னார்வலர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

தான்சானியாவின் மருந்து இருப்பு

இம்முறையைப் புரிந்துகொள்ள ‘எஸ்எம்எஸ் ஃபார் லைஃப்’ திட்டத்தைப் பார்த்தால் போதும். மலேரியா மருந்து தீர்ந்துபோன செய்தி மாவட்டத் தலைமையகத்தை எட்டுவதற்குள் நோயாளிகள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த நாடு தான்சானியா. 2009 இறுதியிலும் 2010 தொடக்கத்திலுமாக 21 வாரங்கள், மூன்று மாவட்டங்களின் 129 மருத்துவ நிலையங்களில் சோதனை நடந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பணியாளரின் கைப்பேசிக்கு ஒரு கேள்வி வரும். உடல் எடைக்கேற்ற நான்கு வகை மாத்திரைப் பொதிகளும் குயினின் ஊசிமருந்தும் எத்தனை இருக்கின்றன என்பதே கேள்வி. பதில் அனுப்பச் செலவில்லை. நேரத்தில் அனுப்பியவருக்குக் கைப்பேசிக்கு ரீசார்ஜ் உண்டு. மறந்தவருக்கு நினைவூட்டல் போகும். அடுத்த வாரத் தொடக்கத்தில் மாவட்ட அதிகாரியின் திரையில் கணக்கு இருக்கும். ஒரு நிலையத்தில் மிகுந்து கிடப்பதை இன்னொன்றுக்கு மாற்றுவது அதன்பின் அவர் பொறுப்பு.

ஏதாவது ஒரு மருந்தேனும் தீர்ந்திருந்த நிலையங்கள் முதல் வாரத்தில் 78 விழுக்காடு. கடைசி வாரத்தில் 26. லிண்டி ஊரக மாவட்டத்தில் எட்டாவது வாரத்திலேயே பற்றாக்குறை நீங்கிவிட்டது. மீந்த அந்த 26 விழுக்காட்டையும் மறைக்கக் கூடாது. கிடங்கிலிருந்தே வராத மருந்தை எந்த இணையதளமும் வரவழைத்துவிடாது. இத்திட்டம் கேட்டது ஐந்தே எண்கள். அனுப்புபவரின் கைப்பேசி எண்ணுக்கு நிலையத்தின் பெயர் முன்பே பதிவாகியிருந்தால் அதைக்கூடத் தட்டச்சு செய்ய வேண்டாம். இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளாத திட்டங்கள் பல, நீண்ட படிவத்தை அப்படியே குறுஞ்செய்திக்குள் திணிக்கப் பார்த்துத் தோற்றன.

மலாவியில் யுனிசெஃப் 2009இல் சோதித்த ரேப்பிட்எஸ்எம்எஸ் இன்னொரு படி மேலே போனது. குழந்தையின் எடை, உயரம், மேற்கைச் சுற்றளவு ஆகியவற்றைப் பணியாளர் அனுப்பினால், கணினி கணக்கிட்டு, ஊட்டக்குறைவு இருந்தால் அவருக்கே உடனே பதில் எழுதியது. தாளில் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்த தகவல் சில நிமிடங்களில் தலைநகரை எட்டியது. தாளில் எழுதி மேலே அனுப்பியதற்கு எந்தப் பதிலும் கிடைத்துப் பழகாத பணியாளருக்கு இந்த மறுமொழி பெரிய விஷயம்.

பிழைகள்

எண்கள் வேகமாக வருவதால் சரியாகவும் வரும் என்று நம்பிவிடக் கூடாது. குஜராத்தில் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குறுஞ்செய்திவழிப் பதிவில் 4.5 விழுக்காடும் கைப்பேசி மின்படிவத்தில் 4.2 விழுக்காடும் பிழைகள் இருந்தன. தொலைபேசியில் ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னபோது பிழை 0.45 விழுக்காடுதான். எதிர்முனையில் இருப்பவர் “என்னது, நாற்பதா நானூறா?” என்று கேட்டுவிடுகிறார். கணினியையும் அப்படிக் கேட்க வைக்கலாம். பலர் அதற்கு மெனக்கெடுவதில்லை.

பொதுமக்களிடமிருந்து திரட்டும்போது சிக்கல் வேறு. 2008 தொடக்கத்தில் கென்யாவின் தேர்தல் வன்முறையைப் பதிய எழுந்த உஷாஹிதி தளமும் (சுவாஹிலியில் ‘சாட்சியம்’), 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைத்தியில் செயல்பட்ட 4636 என்ற குறு எண்ணும் படிவமில்லாத சொந்தச் சொற்களையே பெற்றன. ஹைத்தியக் கிரியோலில் வந்தவற்றை மொழிபெயர்த்து இடம் குறித்தவர்களில் வெளிநாடுவாழ் ஹைத்தியர் பலர். சொன்னது உண்மையா என்று சரிபார்க்கும் வேலையும் மனிதருடையதே. இரகசியமும் உறுதியில்லை: குறுஞ்செய்தி முனைக்கு முனை மறையாக்கம் பெறுவதில்லை, அனுப்பியவரின் கைப்பேசியிலும் கிடக்கும். நோயாளியின் பெயரை இதில் அனுப்பவே கூடாது.

பின்னைய நிலை

தரவு இணைப்பு மலிந்ததும் கைப்பேசிச் செயலிகள் முந்திக்கொண்டன. 2008இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் சிவகங்கை மாவட்டக் கிராம சுகாதார செவிலியரும் இலங்கையின் குருநாகல் பகுதிப் பணியாளரும் நோய்க் குறிப்புகளைக் கைப்பேசிச் செயலியில்தான் பதிந்தார்கள். ஆனாலும் பழையது முழுக்க மறையவில்லை. ஆஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கி, பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் பயன்படுத்தும் டிஎச்ஐஎஸ்2 அமைப்பின் ஆண்ட்ராய்டு செயலி, இணையம் கிடைக்காத இடத்தில் பதிவைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவைக்கிறது.