அலமாரியில் கிடைத்த படம்

வீடு ஒழிக்கும்போது பரணில் இருக்கும் டப்பாக்களைத் திறந்துகூடப் பார்க்காமல் எடைக்குப் போடுபவரா நீங்கள்? அடுத்த முறை போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

டென்மார்க் இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்து, 1928-ல் வெளிவந்த மௌனப் படம் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்'. 1431-ல் ரூவான் நகரில் விசாரிக்கப்பட்டு, உயிரோடு எரிக்கப்பட்ட இளம்பெண்ணின் கதை. போர்க்களக் காட்சிகளை எதிர்பார்த்து உட்காராதீர்கள். படத்தில் பெரும்பாலும் முகங்கள்தான்.

நடிகர்களுக்கு ஒப்பனையே இல்லை. பழைய பிலிமில் சருமத்தின் சிவப்பு கறுத்துத் தெரியும். அதை மறைக்கக் கனத்த ஒப்பனை தேவைப்பட்டது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் வந்ததும் டிரையர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஒளிப்பதிவாளர் ரூடால்ஃப் மாத்தேயின் கேமராவில் நீதிபதிகளின் சுருக்கமும் மருவும்கூடப் பளிச்சென்று தெரிகின்றன. அவர்களைக் கீழிருந்து காட்டத் தரையில் குழி வெட்டிக் கேமராவை இறக்கினார்கள். பார்க்கும் நாமும் ஜோனைப் போலவே அண்ணாந்து பார்க்கிறோம். ஜோனாக வரும் ஃபால்கொனெட்டி, படத்துக்காகக் கேமரா முன்பே தலைமுடியை வெட்டக் கொடுத்தார்.

அதே 1928-ல் பெர்லினில் நடந்த தீ விபத்தில் மூல நெகட்டிவ் எரிந்துபோனது. டிரையர் மனம் தளராமல், ஒதுக்கி வைத்திருந்த காட்சிகளைக் கோத்து இரண்டாவது வடிவம் தயாரித்தார். அடுத்த ஆண்டே அந்த நெகட்டிவும் தீக்கிரையானது. அன்றைய நைட்ரேட் பிலிம் அவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும். பிறகு உலகம் பார்த்ததெல்லாம் வெட்டி ஒட்டிய பிரதிகளைத்தான். தன் படம் போயே போய்விட்டது என்ற எண்ணத்துடனேயே 1968-ல் டிரையர் காலமானார்.

1981-ல் நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் சில பிலிம் டப்பாக்கள் கிடைத்தன. யாரோ தூக்கி எறியாமல் நார்வே திரைப்படக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். திறந்து பார்த்தால், தணிக்கையின் கத்தரி படுவதற்கு முந்தைய டிரையரின் முதல் வடிவம்! இன்று நாம் பார்ப்பது அந்த டப்பாக்களிலிருந்து வந்த படத்தைத்தான்.

ஒரு மாலை செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு இதைப் பாருங்கள். மறுநாள் உங்கள் பரணில் ஏறுங்கள். தாத்தா எடுத்த பிலிம் சுருளோ, பூஞ்சை பிடித்த கல்யாண வீடியோ கேசட்டோ இருந்தால், டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டு மற்றதை யோசியுங்கள். அதில் இருக்கும் முகங்களுக்கு வேறு பிரதி இல்லை.