செம்பும் அம்மியும்: மலாக்காத் தமிழரின் அடுக்களைப் பொருள்களும் குடும்ப நினைவும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் கப்பல், கங்காணி, கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இவையெல்லாம் ஆவணங்களில் இடம்பெற்றவை. ஆவணங்களில் இடம்பெறாத ஒரு பெரும்பகுதி வீட்டின் அடுக்களையில் உள்ளது. பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்து சேர்ந்த செம்பு, அம்மி, உரல், அரிவாள்மனை, முறுக்கு அச்சு போன்றவை வெறும் புழங்கு பொருள்கள் அல்ல. எழுதத் தெரியாத பெண்கள் விட்டுச் சென்ற வரலாற்றுச் சான்றுகளும் ஆகும். மலாக்கா மாநிலத்துத் தோட்டத் தமிழரையும், மலாக்கா நகரில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் செட்டிகளையும் இணைத்து நோக்கி, அடுக்களை மரபு எதனால் நிலைக்கிறது, எதனால் மறைகிறது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தோட்டத்து அடுக்களை

மலாயாவின் வணிக ரப்பர் பயிர்த்தொழில் மலாக்காவிலேயே தொடங்கியது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் அதனைப் பெருமளவில் விரிவுபடுத்தினார். ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கங்காணி முறையில் இங்கு வந்து சேர்ந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை இம்முறை நீடித்தது.

1920களின் பிற்பகுதியில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளின் தோட்டங்களில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு எனவும் பெண் தொழிலாளியின் நாட்கூலி 40 காசு எனவும் வரையறுக்கப்பட்டன. ஒரு தொழிலாளியின் உணவு, உடை முதலிய தேவைகளைக் கணக்கிட்டே இத்தொகை முடிவு செய்யப்பட்டது. அரிசிக்குக் கணக்குப் போட்டவர்கள் அவ்வரிசியைச் சமைத்தவளின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. முனைவர்ப் பட்ட ஆய்வின்பொருட்டு அயல்நாட்டு ஆவணக் காப்பகத்தில் காலனித்துவக் கால அறிக்கைகளை நாம் புரட்டிய நாள்களில், பிரட்டுக்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டிய பெண்ணைப் பற்றிய குறிப்பை அவற்றில் காணவில்லை.

அவளது நாளை வேறு வகையில்தான் மீட்டெடுக்க வேண்டியுள்ளது. ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் கழிந்த எம் இளமைக்காலத்தில், விடியலுக்கு முன் லயத்தில் எழுந்த முதல் ஒலி அம்மியில் குழவி உரசும் ஒலியே. ரப்பர் விறகு புகையும். பாட்டியார் மிளகாயும் மஞ்சளும் அரைப்பார். பசியாறுவதற்கான உணவு தூக்குச் சட்டியில் நிரம்பும். அது பால்வெட்டு நிரைக்குப் போய் மரநிழலில் திறக்கப்படும். அத்தூக்குச் சட்டியின் நசுங்கிய விளிம்பைக் காணும்போது, இன்றும் எம் தாயாருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதில் இருந்த உணவு அன்று. அதனைத் தூக்கிக்கொண்டு தம் தாயின் பின்னே நடந்த ஈரமான செம்மண் பாதையே ஆகும்.

கொண்டுவந்தவையும் இங்குச் சேர்ந்தவையும்

அடுக்களைப் பொருள்களைக் கூர்ந்து நோக்கினால் குடிபெயர்வின் தன்மை புலப்படும். மூட்டையோடு கப்பலேறியவர்க்குக் கருங்கல் அம்மியைச் சுமந்து வருதல் அரிது. பித்தளைச் செம்பைக் கொண்டுவருதல் எளிது. எனவே, செம்பு பிறந்த ஊரின் நினைவாகவும் அம்மி வாழவந்த ஊரின் உடைமையாகவும் அமைந்தன என்று கொள்ளலாம். மூன்றாவதாகச் சேர்ந்தது மங்கு. பீங்கானையும் எனாமல் பூசிய தட்டு, கிண்ணங்களையும் குறித்த இச்சொல், கிண்ணத்தைக் குறிக்கும் மலாயின் 'மங்கோக்' என்பதனோடு உறவுடையது. ரப்பரைக் குறித்த 'கித்தா', சிற்றூரைக் குறித்த 'கம்பம்' ஆகிய சொற்களும் மலாயிலிருந்து தோட்டத் தமிழில் கலந்தவையே. ஓர் அடுக்களைத் தட்டில் செம்பும் மங்கும் அருகருகே இருந்தமை இரு நாடுகள் ஒரு வீட்டில் கூடியமைக்குச் சான்றாகும்.

இவ்விடத்தில் ஈயம் பூசும் வழக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். புளி சேர்ந்த உணவு பித்தளையில் பட்டால் களிம்பேறிக் கெடும். ஆதலால் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசப்படும். அடுக்களையில் ஈயம் எனப்படுவது வெள்ளீயம், காரீயம் அன்று. மலாய்த் தீபகற்பத்தின் வெள்ளீயம் மலாக்காத் துறைமுகத்தின் வழியாக இந்தியக் கரைகளுக்குச் சென்றது. சோழமண்டலக் கரையிலிருந்து துணிகள் இங்கு வந்தன. ஆகவே, தமிழகத்திலிருந்து வந்த ஒரு பித்தளைப் பாத்திரத்தின் உட்புற வெண்மை, அதனைக் கொண்டுவந்தவர் அறியாமலே, இம்மண்ணுக்குத் திரும்பிய ஒன்றாக இருந்திருக்கவும் கூடும்.

1942 சனவரியில் மலாக்கா சப்பானியர் வசமானது. அரிசி இறக்குமதி தடைப்பட, மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவாயிற்று. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெருந்தொகையினர் மீளவில்லை. எம் பாட்டியார் அரிசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அக்காலத்தையே அளவுகோலாகக் கொண்டார். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடும் பழக்கத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. அப்பானை உடைந்து பல்லாண்டுகள் ஆயின. அப்பழக்கம் மட்டும் பிளாஸ்டிக் டப்பாவுடன் எம் தாயாரிடம் தொடர்கிறது.

எழுத்துப் பொறித்த செம்பு

பாத்திரங்களில் பெயர் வெட்டுதல் தமிழரின் நெடுநாள் வழக்கம். சீராகக் கொடுத்தவரின் பெயரும், சிலவற்றில் நாளும் ஆண்டும் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தின் உறவுமுறை, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை அறிய உதவும் இவற்றைச் சிறு கல்வெட்டுகள் எனலாம். வரலாற்றாய்வாளர் கோயிற் சுவரில் தேடுவதைத் தோட்டத்துப் பெண்கள் பரணில் வைத்திருந்தனர்.

எம் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு உண்டு. அதன் கழுத்தில் இரண்டு தமிழ் எழுத்துகள் உள்ளன. அவை எம் குடும்பத்தார் எவருடைய பெயரோடும் பொருந்தவில்லை. பாட்டியாரின் தாய்வழிச் சொத்து அது என்றே நெடுங்காலம் நாம் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் தாயாரிடம் வினவியபோது அவர் சொன்ன விடை எம் எண்ணத்தை மாற்றியது: "அது நம்ம செம்பு இல்லப்பா. பக்கத்துக் கதவு அக்கா ஊருக்குப் போறப்ப ஆயாகிட்ட குடுத்தது. வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போச்சு."

அவர் சென்ற காலம் 1969ஐ அடுத்த காலம். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற்றாக வேண்டியதாயிற்று. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதோர் தோட்டங்களில் பலர் இருந்தனர். படிப்பறிவின்மை, பத்திரமின்மை, வழிகாட்டுவார் இன்மை ஆகியவை இதற்குக் காரணங்களாகும். பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். பிறந்த குழந்தைகளை இங்குப் புதைத்தவர்களும், தமிழகத்தில் ஒரு வீடும் இல்லாதவர்களும் அவருள் இருந்தனர். புள்ளிவிவரங்களில் எண்ணாக நிற்கும் அந்நிகழ்வு எம் வீட்டில் ஒரு செம்பாக நிற்கிறது.

அதனைப் பாட்டியார் ஒருபோதும் அன்றாடப் புழக்கத்திற்கு எடுத்ததில்லை என்பதன் பொருள் அதன்பின்னரே எமக்கு விளங்கியது. அவர் அதனைக் காத்தது அடைக்கலப் பொருளாக. பரம்பரைச் சொத்தாக அன்று. பரம்பரைப் பொருள் என்றவுடன் குருதியுறவை எண்ணுதல் நம் இயல்பு. ஆனால், லயத்து வாழ்க்கையில் ஒரு சுவரின் இருபுறமும் வாழ்ந்தோர் கொண்ட உறவும் பொருள்களின் வழியே கைமாறியுள்ளது. தோட்டக் குடும்பங்களின் பாத்திரங்களை ஆராய்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

காஜா பேராங்கின் செட்டிகள்

இனி, நகரின் பக்கம் திரும்புவோம். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகம் செய்ய வந்து இம்மண்ணின் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழிவந்தோர் மலாக்காச் செட்டிகள். காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டி இவர்களது வாழ்விடம். தட்டார் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இச்சமூகத்தாருக்கு உரியது. இவர்கள் சைவ நெறியினர். எனினும் வீட்டுமொழி மலாய். அம்மியைக் குறிக்க 'பத்து கிலிங்' என்னும் மலாய்ச் சொல்லே இவர்தம் அடுக்களையில் வழங்குவது. தந்தைவழிச் சமயமும் தாய்வழிச் சமையலும் ஒன்றிய மரபு இது.

பொங்கலுக்கு முதல் நாளிலும் பழங்கள் மிகும் பருவத்திலும் இவர்கள் 'பார்ச்சு' என்னும் முன்னோர் படையலை நிகழ்த்துகின்றனர். முன்னோர் விரும்பி உண்டவை வாழையிலையில் வைக்கப்படும். நாசி லெமாக்கும் அதில் இடம்பெறும். படையலுக்கு வேண்டியவற்றைச் சமைக்க வேண்டியிருப்பதால் சமைக்கும் முறையும் மறவாதிருக்கிறது. மகளிர் கூடிச் சமைப்பதால் இளையோர் அதனைக் கண்டு கற்கின்றனர்.

இவ்விரு சமூகத்தாரையும் ஒப்பிடுகையில் ஒரு முரண் தெளிவாகிறது. செட்டிகள் தமிழை இழந்தனர்; ஆயினும் அடுக்களைச் சடங்கைப் பேணினர். தோட்டத் தமிழரோ தமிழைப் பேணினர். அடுக்களைப் பொருள்களை விரைவாக இழந்து வருகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போக, மக்கள் நகர்ப்புறத் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறினர். மாவு அரைக்க மின்கருவி வந்தது. ஆட்டுக்கல்லுக்கு இடமில்லாமற் போயிற்று. 1990களில் நாம் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது லாரியில் ஏறாத பொருள் அம்மி ஒன்றே. அது லயத்தின் பின்புறம் விடப்பட்டது. அந்நாளில் அதற்காக வருந்தியவர் பாட்டியார் ஒருவரே.

பெண்களின் முதுகை ஒடித்த உழைப்பை மின்கருவி குறைத்தது நன்மையே. அம்மியை மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுவருக என நாம் கூறவில்லை. அம்மி முழுமையாக மறைந்துவிடவும் இல்லை. திருமணத்தில் அம்மி மிதிக்கும் சடங்கு இருப்பதால் மண்டபங்களில் அது இன்னும் வாழ்கிறது. ஆனால், மணமகள் கால் வைக்கும் அக்கல்லில் எதனையும் அரைத்திராத தலைமுறையே இன்று மணமேடை ஏறுகிறது.

முடிவுரை

அடுக்களைப் பொருள் மூன்று நிலைகளில் வாழ்கிறது: கையில் பயன்பாடாக, வாயில் சொல்லாக, நெஞ்சில் நினைவாக. பயன்பாடு நின்ற பின்னும் சொல்லும் நினைவும் இருந்தால் அது சான்றாக நிற்கும். அவையும் போனால் பழைய பித்தளையாக எடைக்குப் போகும். எழுத்துப் பொறித்த செம்பும், அதன் எழுத்துகளை விளக்க எம் தாயார் இல்லாதிருப்பின், அவ்வாறே ஆகியிருக்கும்.

இதில் தமிழாசிரியர்க்குப் பெரும்பங்கு உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழம்பொருள் ஒன்றின் பெயரையும், அது யாரிடமிருந்து வந்தது என்பதையும், அதனோடு பிணைந்த நிகழ்ச்சி ஒன்றையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வரும்படி செய்யலாம். கட்டுரைப் பயிற்சியாகத் தொடங்கும் இது சில ஆண்டுகளில் மலாக்காத் தமிழரின் வட்டாரச் சொற்றொகுதியாகவும் வாய்மொழி வரலாறாகவும் விரியும். இப்பணிக்குப் பெருஞ்செலவு வேண்டா, காலமே வேண்டும். லயத்து வாழ்வை நேரில் அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எம் வீட்டுச் செம்பு ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முதல் நாள், புளியிட்டுத் துலக்கப்பட்டு மீண்டும் உள்ளே வைக்கப்படுகிறது. உரியவர் வரப்போவதில்லை என்பதை எம் தாயார் அறிவார். எனினும் அதனை இன்னும் தம்முடையது என்று அவர் சொல்வதில்லை.